ஏஞ்சாமி பாட்டும் எங்க கறிவேப்பிலைத் தோட்டமும்

கறிவேப்பிலை அறுப்பு நாள்ல எங்க தோட்டத்துல ரெண்டு சத்தம் ஓயாது. ஒண்ணு அருவா, இன்னொண்ணு செல்போன் பாட்டு. விடிஞ்சும் விடியாம ஆளுக வந்துருவாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள அறுத்து, கட்டுக் கட்டி, நிழல்ல அடுக்கி, ஈரச் சாக்குப் போட்டு மூடியாகணும். மத்தியானம் வியாபாரி வண்டி வந்து நிக்கும்போது இலை வாடியிருந்தா அன்னைக்கு வெலை அவர் சொல்றதுதான். நீங்க டவுன்ல காய் வாங்கிட்டு, கடைசில ஒரு கொத்து கறிவேப்பிலை சும்மா போடச் சொல்லி வாங்குறீங்களே, அதுல ஏதோ ஒரு கொத்து காரமடை மேட்டுப்பாளையம் பக்கத்துச் செம்மண்ணுல வெளஞ்சதாத்தான் இருக்கும். எங்களது செங்காம்பு ரகம். வாசம் தூக்கலா இருக்கும். பெருமைக்குச் சொல்லலைங்க, உண்மைதான்.

இன்னைக்கு எழுத வந்தது கறிவேப்பிலையைப் பத்தி இல்லை. ஒரு பாட்டுக்காரப் பையனைப் பத்தி. ஆனா அவரை நான் தெரிஞ்சுக்கிட்டதே இந்தக் கறிவேப்பிலைப் பாத்திலதான், அதனால அங்க இருந்துதான் ஆரம்பிக்கணும்.

2021 மார்ச் மாசம். கொரோனா கொஞ்சம் அடங்கின மாதிரி போக்குக் காட்டிட்டு இருந்த நேரம். ஸ்கூல் இல்லாம வீட்டுல இருந்த என் பொண்ணு ஒரு நாள் அறுப்புக்கு வந்து, 'எஞ்சாய் எஞ்சாமி'ன்னு ஒரு புதுப் பாட்டைப் போட்டா. மார்ச் 7-ம் தேதி யூடியூப்ல வந்தது. வந்த ரெண்டே வாரத்துல மேட்டுப்பாளையம் ரோட்டுல போற டெம்போ, கல்யாண மண்டபம், டிராக்டர்னு எல்லா இடத்துலயும் அதுதான். எங்க விவசாயிங்க வாட்ஸ்அப் குரூப்புல, 'நம்ம பாட்டு வந்துருச்சு'ன்னு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஃபார்வர்டு பண்ணினாங்க. மண்ணு, மரம், தோட்டம், நாய், பூனைன்னு நம்ம காட்டுல இருக்கிறதெல்லாம் அதுல வருது. நானும் விவசாயிகளுக்குன்னே ஒருத்தன் பாட்டு எழுதிட்டான்னு நெனச்சு என் போனுக்குக் காலர் டியூனா வச்சேன். உங்கள்ல சிலபேர் எனக்குப் போன் பண்ணினப்ப கேட்டிருப்பீங்க.

அன்னைக்கு அறுப்புக்கு வந்திருந்தவங்கள்ல ஒரு அக்கா. எங்க ஊர்ல அவங்களைச் 'சிலோன் அக்கா'ன்னுதான் சொல்லுவாங்க. சொந்தப் பேரை எழுதலாமான்னு கேட்டேன். "வேண்டாந் தம்பி, அப்புறம் நாலு பேரு வந்து என்ன ஏதுன்னு கேப்பாங்க"ன்னுட்டாங்க. அறுபது தாண்டியிருச்சு. பாட்டு ஓடிட்டு இருந்தப்ப நடுவுல ஒப்பாரி மாதிரி ஒரு இடம் வரும். அந்த இடத்துல அவங்க அருவாளை வச்சுட்டு நிமிர்ந்தாங்க.

"பாப்பா, அதை இன்னொருக்கா போடு."

பொண்ணு போட்டா. முழுசாக் கேட்டுட்டு, "இந்தப் பையன் யாரு வீட்டுப் பையன்?"னாங்க.

எங்களுக்கு என்ன தெரியும்? பொண்ணு வீடியோவைக் காட்டினா. அதுல ஒரு வயசான அம்மா ராணி மாதிரி பெரிய நாற்காலியில உக்காந்திருப்பாங்க. அந்தப் பையனோட பாட்டியாம், வள்ளியம்மாளாம், சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்சவங்களாம்னு பொண்ணு கீழே இருந்ததைப் படிச்சுச் சொன்னா. சிலோன் அக்கா கண்ணாடி இல்லாம போனைத் தள்ளிப் பிடிச்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "கெழவிய நாக்காலியில உக்கார வச்சிருக்கான் பாரு"ன்னாங்க. அவ்வளவுதான். மறுபடி குனிஞ்சு அறுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அன்னைக்கு ராத்திரிதான் உக்காந்து அந்தப் பையனைப் பத்திப் படிச்சேன். பேரு அறிவு. முழுப் பேரு அறிவரசு கலைநேசன். அரக்கோணத்துக்காரர். அப்பா அம்மா ரெண்டு பேரும் வாத்தியார் வேலைக்குப் போனதால பாட்டிதான் வளர்த்திருக்காங்க. அந்தப் பாட்டி சொன்ன கதையும் பாடின ஒப்பாரியும்தான் இவருக்கு முதல் பாடம். இன்ஜினியரிங், அப்புறம் எம்.பி.ஏ.ன்னு படிச்சவர். நம்ம வீட்டுப் பசங்க மாதிரி ஒரு கம்பெனியில போய் உக்காந்திருக்கலாம். இவர் கவிதை எழுதிட்டு இருந்திருக்கார்.

டைரக்டர் பா.ரஞ்சித்தும் மியூசிக் பண்ற டென்மாவும் சேர்ந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'னு ஒரு குழு ஆரம்பிச்சாங்க. கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில. 2018 ஜனவரியில சென்னையில முதல் கச்சேரி. அந்தப் பேரே அயோத்திதாசர் கிட்ட இருந்து எடுத்தது. நூறு வருசத்துக்கு முன்னாடியே, மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வர்றவங்ககிட்ட 'சாதியில்லாத தமிழன்'னு பதியச் சொன்ன மனுசன் அவர். அந்தக் குழுவுல அறிவு ராப் பாடினார். அதே வருசம் ரஞ்சித்தோட 'காலா' படத்துல பாட்டு எழுதினார். அந்தப் படமே நிலம் யாருக்குங்கிற சண்டைதான். 2019-ல ஓஃப்ரோங்கிற இசைக்காரரோட சேர்ந்து 'தெருக்குறள்'னு ஒரு ஆல்பம். அப்புறம் 'மாஸ்டர்' படத்துல வாத்தி ரெய்டு. இருபதுகள்ல இருக்கிற ஒரு பையனுக்கு மூணே வருசத்துல இவ்வளவு.

இங்க ஒண்ணு சொல்லணும். நம்மூர்ல பாட்டுன்னா சினிமா. சினிமாவுக்கு வெளிய நின்னு சொந்தமா எழுதி, சொந்தமாப் பாடி, அதுல பொழைக்கிறதுங்கிறது மானாவாரி வெள்ளாமை மாதிரி. மழை பேஞ்சா உண்டு. எங்க கோயமுத்தூர்ப் பையன் ஹிப்ஹாப் தமிழா ஆதி 2011-ல யூடியூப்ல ஒரு பாட்டால பேர் வாங்கி, 2012-ல 'ஹிப்ஹாப் தமிழன்'னு ஆல்பம் போட்டு, அப்புறம் சினிமாவுக்குப் போய்த்தான் நிலையா நின்னார். தன்னோட கதையைத்தான் 2017-ல 'மீசைய முறுக்கு'ன்னு படமா எடுத்தார். அதுலயும் மையப் பிரச்சினை அதுதான், பாட்டை நம்பிப் பொழைக்க முடியுமாங்கிறது. ஆதியையும் அறிவையும் ஒரே தராசுல வைக்கலைங்க. ரெண்டு பேருக்கும் பாதை வேற. இந்தத் தொழிலோட தரை எப்படின்னு காட்டத்தான் சொன்னேன்.

திரும்ப அந்தப் பாட்டுக்கு வர்றேன். சினிமாவுல இல்லாத பாட்டு. ஏ.ஆர்.ரஹ்மான் ஆதரவுல 'மாஜா'ன்னு ஒரு தளம் ஆரம்பிச்சு, அதுல வந்த முதல் பெரிய வெளியீடு. சந்தோஷ் நாராயணன் இசை, தீயும் அறிவும் பாடினாங்க, வரி அறிவுது. கொஞ்ச நாள்லயே கோடிக் கணக்குல பார்த்தாங்க, அப்புறம் 40 கோடியையும் தாண்டிருச்சு. தமிழ்ல ஒரு தனிப் பாட்டு அந்த உயரத்துக்குப் போனதை நான் முன்ன பார்த்ததில்லை.

'எஞ்சாமி'ங்கிற சொல்லுல கொஞ்சம் நிக்கணும். எங்க கொங்குப் பக்கம் பெரியவங்க சின்னப் பசங்களை 'சாமி', 'கண்ணு'ன்னு கூப்பிடுவாங்க. எங்க அப்பத்தா என்னை "ஏஞ்சாமி, சாப்ட்டயா?"ன்னுதான் கேப்பாங்க. அதனால அந்தச் சொல்லு எனக்குக் கொஞ்சலாத்தான் பட்டுச்சு. ஆனா அதே சொல்லுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. நான் டவுசர் போட்ட வயசுல எங்க பண்ணையத்துல ஒரு தாத்தா இருந்தார். எழுபது வயசு இருக்கும். எங்க அப்பாரைப் 'பண்ணாடி'ம்பார். என்னைச் 'சாமி'ம்பார். நான் அவரை "டேய், இங்க வாடா"ம்பேன். பத்து வயசு. யாரும் என்னைத் திட்டலை. அந்தச் 'சாமி' கொஞ்சல் இல்லைங்கிறது அன்னைக்கு எனக்குத் தெரியாது. அறிவு பேட்டியில அந்தச் சொல்லோட ரெண்டு முகத்தையும் சொல்லியிருக்கார். நிலக்காரரைக் கூப்பிட்ட வார்த்தை, பாட்டி பேரனைக் கொஞ்சுற வார்த்தையும் ஆகுது. அதைப் படிச்சதும் காலர் டியூன் எனக்குக் கொஞ்சம் உறுத்திச்சு. பாட்டு என்னைப் பார்த்துப் பாடுறதுதான், ஆனா நான் நெனச்ச எடத்துல நான் நிக்கலை.

சிலோன் அக்கா கதையைக் கேக்கணும்னு அதுக்கப்புறம்தான் தோணுச்சு. பதினஞ்சு வருசமா எங்க தோட்டத்துக்கு வர்றவங்க. அதுவரைக்கும் ஒரு நாள் கேட்டதில்லை.

அவங்க பொறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்துல. பத்தடி அறை, முன்னால ஒரு திண்ணை, வரிசையா இருபது வீடு. காலையில தப்புச் சத்தம் கேட்டதும் பெரட்டுக் களத்துக்குப் போகணும், அங்கதான் யாருக்கு எந்த மலைன்னு பிரிச்சு விடுவாங்க. அவங்க சொன்னதுல ஒண்ணு என் மனசுல நின்னுருச்சு. தோட்டத்துல ஒரு நாள் சம்பளத்துக்கே 'பேர்'னுதான் பேராம். "இன்னைக்குப் பேரு விழுந்துச்சா?"ன்னா சம்பளம் விழுந்துச்சான்னு அர்த்தம். கொழுந்து எடை கொறஞ்சா அரைப்பேர். "எங்கம்மா அரைப்பேரு வாங்கிட்டு வந்தா அன்னைக்கு யாரும் பேச மாட்டம் தம்பி."

படிச்சவங்களுக்கு இந்தச் சரித்திரம் தெரிஞ்சிருக்கும், ஆனாலும் சுருக்கமாச் சொல்லிடறேன். வெள்ளைக்காரன் காலத்துல இங்க இருந்து காபி, தேயிலைன்னு கூட்டிட்டுப் போனாங்க. சுதந்திரம் வாங்கின கையோட 1948-ல இலங்கை சட்டம் போட்டு அவங்க குடியுரிமையைப் பறிச்சது. 1964 அக்டோபர்ல சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டாங்க. 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பாத்துக்கலாம்னு. அந்த மிச்சத்தையும் 1974-ல பாதிப் பாதியாப் பிரிச்சாங்க. எங்க பக்கம் ஆட்டுப்பட்டி பாகம் பிரிச்சாக்கூட இன்னும் கொஞ்சம் யோசிப்பாங்க.

அக்காவுக்குப் பத்து வயசு இருக்கும்போது தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்க இருந்து மண்டபம் முகாம், அப்புறம் கோத்தகிரி. இவங்களுக்கு வேலை குடுக்கணும்னே அரசாங்கம் நீலகிரியில டான்டீ தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியிருந்துச்சு. எல்லாருக்கும் அதுல எடம் கிடைக்கலை. கெடைக்காதவங்க கேரட், பீட்ரூட் தோட்டத்துக் கூலி. கல்யாணம் ஆகி, வீட்டுக்காரர் தவறி, ரெண்டு கொழந்தைகளோட மலை எறங்கி எங்க பக்கம் வந்தாங்க. எங்க தோட்டத்துல நின்னாலே நீலகிரி மலை தெரியும். "அங்க இருந்தா இங்க தெரியும், இங்க இருந்தா அங்க தெரியும். எங்க இருந்தாலும் நம்ம எடம் இல்ல"ன்னு சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

அறிவோட பாட்டி வள்ளியம்மாளும் இதே மாதிரி கடல் தாண்டித் திரும்பி வந்தவங்கதான். அந்தப் பாட்டோட வேர் அங்க இருக்கு. நட்டவனுக்கு நெலம் இல்லைங்கிற கதை. அதைத்தான் நாங்க டிராக்டர்ல போட்டு ஆடிட்டு இருந்தோம்.

அடுத்து நடந்ததை நீங்க பேப்பர்ல படிச்சிருப்பீங்க. 2021 ஆகஸ்ட்ல ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில தீயையும், இன்னொரு பாட்டுப் பாடின கனடாத் தமிழர் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டாங்க. அறிவு இல்லை. 'எஞ்சாமி'யை வெளிநாட்டு டி.ஜே. ஒருத்தர் மறுபடி பண்ணி விட்டப்ப அந்த விளம்பரத்துலயும் அறிவு இல்லை. ரஞ்சித் பகிரங்கமாக் கேட்டார், சத்தம் பெருசாச்சு. அப்புறம் அந்தப் பத்திரிகை அறிவுக்குன்னு தனியா ஒரு டிஜிட்டல் அட்டை போட்டுச்சு. 2022 ஜூலை 28, சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. உலகமே பார்க்கிற மேடை. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினாங்க. அறிவு மேடையில இல்லை. சில நாள் கழிச்சு அவர் இன்ஸ்டாகிராம்ல எழுதினார். மெட்டுப் போட்டது, எழுதினது, பாடினது, நடிச்சது எல்லாம் தான்தான், யாரும் தனக்கு ஒரு மெட்டோ ஒரு சொல்லோ எடுத்துக் குடுக்கலை, ஆறு மாசம் தூக்கம் தொலைச்ச பாட்டு இதுன்னு. சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். மூணு பேரும் சேர்ந்து உண்டாக்கின பாட்டு, வர்ற வருமானத்துல மூணு பேருக்கும் சமபங்கு, அறிவு அப்ப வெளிநாட்டுல இருந்தார்னு. தீயும், தான் அறிவோட பங்கை எங்கயும் மறைச்சதில்லைன்னு சொன்னாங்க.

எது சரின்னு நான் தீர்ப்பு சொல்ல வரலை. அந்த ரூம்ல நான் இல்லை. பாட்டுங்கிறது எந்த இடத்துல எழுத்து, எந்த இடத்துல மெட்டு, எந்த இடத்துல இசைன்னு வரப்புப் போட்டுப் பிரிக்கிற சமாச்சாரமும் இல்லை. சந்தோஷ் நாராயணன் இல்லாட்டி அது அந்த ரூபத்துல வந்திருக்காது. தீயோட குரல் இல்லாட்டி அது அத்தனை தூரம் போயிருக்காது. சரி. ஆனா வாரத்துக்கு வெள்ளாமை பண்ணின வீட்டுல வளர்ந்தவன் நான். நெலம் ஒருத்தர், வெத ஒருத்தர், தண்ணி ஒருத்தர், பாடு ஒருத்தர். களத்துல நெல்லைக் குமிச்சு அளக்கும்போது எல்லாரும் நிப்பாங்க. யாராவது ஒருத்தர் அந்த நேரத்துல இல்லாம இருந்தா, அது எப்பவும் பாடுபட்ட ஆளாத்தான் இருக்கும். ஏன் வரலைன்னு கேட்டா எப்பவும் ஒரு காரணமும் இருக்கும். காரணம் பொய்யின்னு சொல்ல மாட்டேன். எப்பவும் ஒரே பக்கத்துல காரணம் இருக்கே, அதைத்தான் கேக்குறேன்.

2024 மார்ச்சுல, பாட்டு வந்து மூணு வருசம் ஆன சமயத்துல, சந்தோஷ் நாராயணனே ஒரு வீடியோ போட்டார். அந்தப் பாட்டுல இருந்து எங்க மூணு பேருக்கும் இதுவரைக்கும் ஒத்தப் பைசா வரலைன்னார். ரஹ்மானும் இதுல பாதிக்கப்பட்டவர்தான்னு சொன்னார். முன்பணம் குடுத்திருக்கோம்னு அந்தக் கம்பெனி மறுத்துச்சு. கோடிக் கணக்குல ஓடின பாட்டுக்கு இந்தக் கதி. தக்காளி கிலோ நூறு ரூவா விக்கிறப்ப, 'உங்களுக்கெல்லாம் நல்ல காசு'ன்னு நீங்க போன் பண்ணுவீங்களே, அப்ப நாங்க முழிக்கிற முழிதான் ஞாபகம் வந்துச்சு.

அறிவு ஒதுங்கிடலை. அந்த வருசமே தனி ஆல்பம் கொண்டு வந்தார். பேரு, 'வள்ளியம்மா பேராண்டி'. நான் அறிவு, நான் ராப்பர்னு இல்லை. வள்ளியம்மாளோட பேரன். அந்தத் தலைப்பைப் பார்த்ததும் சிலோன் அக்காகிட்டச் சொன்னேன். "அதுதானே சரி"ன்னாங்க.

இப்ப நான் சொல்ல வேண்டியதுக்கு வர்றேன். இதை எழுதலாமா வேண்டாமான்னு மூணு மாசமா யோசிச்சேன்.

2019-ல இங்க நான் ஒண்ணு எழுதியிருந்தேன், 'நான் வச்ச கறிவேப்பிலை'ன்னு. நெறையப் பேர் பாராட்டினீங்க. மண்ணோடு உழைக்கும் கைகள்னு ஒருத்தர் எழுதினார். அந்தக் கை யாரோடது? ஒண்ணேகால் ஏக்கர், ரெண்டாயிரம் குழிக்கு மேல. 2006-ல அந்தக் குழியெல்லாம் எடுத்தது, நாத்துப் பையைக் கிழிச்சு ஒவ்வொண்ணா வச்சது, முதல் கோடையில வாய்க்காத் தண்ணி வராதப்பக் குடத்துல மொண்டு ஊத்தினது எல்லாம் சிலோன் அக்காவும் அவங்களோட வந்த மூணு பொம்பளைங்களும். நான் அப்பத் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கணக்கு எழுதிட்டு இருந்தேன். ஞாயித்துக்கெழமை வந்து வரப்புல நின்னு பார்த்துட்டுப் போவேன். 'வச்சேன்'னா எங்க ஊர்ல நெலத்துக்காரன் வச்சான்னுதான் அர்த்தம். எழுதும்போது எனக்கு அது பொய்யாவே தோணலை.

அக்காவோட பேத்தி இப்பக் காலேஜ் படிக்குது. அந்தப் புள்ளை ஒரு நாள் அந்தப் பதிவைப் படிச்சுட்டு ஆத்தாகிட்ட வாசிச்சுக் காட்டியிருக்கு. அடுத்த அறுப்புக்கு வந்தப்ப அக்கா சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க.

"நீங்கதான் வச்சீங்களாமா தம்பி?"

எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியலை. "எழுதுறப்ப அப்படி வந்துருச்சுக்கா"ன்னேன்.

"அது கெடக்குது. அந்த வாய்க்கா ஓரத்து எடத்தைப் பத்திப் பெரியவரு சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

இருக்கு. எங்கப்பா அந்தக் கோடையில, நாத்து ஒண்ணுகூடக் காயாமக் காப்பாத்தினதுக்கு, வாய்க்கா ஓரம் அவங்க சாளை போட்டிருந்த மூணு சென்ட்டை அவங்களுக்கே எழுதித் தர்றேன்னு சொன்னார். நானும் அண்ணனும் பக்கத்துல நின்னோம். சொன்னார், எழுதலை. 2013-ல அவர் தவறிட்டார். பட்டா எங்க ரெண்டு பேர் பேருக்கும் கூட்டா வந்துச்சு. அக்கா கேக்கலை, நாங்களும் பேசலை. பதினஞ்சு வருசத்துக்கு மேல அவங்க அந்தச் சாளையில இருக்காங்க, எங்க தயவுல இருக்கிற மாதிரி. மழைக்கு ஓடு மாத்தணும்னாக்கூட எங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் மாத்துவாங்க. அதை நானும் ஒரு மரியாதைன்னுதான் எடுத்துட்டு இருந்தேன்.

பத்திரம் எழுதறவரைப் போய்ப் பார்த்தேன். கூட்டுப் பட்டா, அண்ணன் கையெழுத்து இல்லாம ஒண்ணும் ஆகாதுன்னுட்டார். அண்ணனுக்குப் போன் போட்டேன். "அப்பா ஆயிரம் பேருக்கு ஆயிரம் சொல்லியிருப்பார், எல்லாத்துக்கும் பத்திரம் போடுவியா? ரோட்டோரமா இன்னைக்கு சென்ட் என்ன வெலைன்னு தெரியுமா?"ன்னார். தெரியும். அதனாலதான் இத்தனை வருசம் நானும் ஞாபகம் இல்லாதவன் மாதிரி இருந்தேன். வெலை ஏறாம இருந்திருந்தா எப்பவோ எழுதிக் குடுத்துட்டு, அதையும் இங்க ஒரு பதிவாப் போட்டுப் பாராட்டு வாங்கியிருப்பேன்.

அண்ணன் கெட்டவர் இல்லைங்க. பொண்ணு கல்யாணத்துக் கடன் இருக்கு. ஆனா அவர் போன்ல காலர் டியூன் இன்னும் அந்தப் பாட்டுதான். போன் போடுறப்ப எல்லாம் அது முழுசா ஓடி முடிஞ்ச பொறவுதான் எடுக்கிறார்.

பேத்திகிட்ட, "ஆத்தா ஏதாச்சும் சொல்லுச்சா?"ன்னு கேட்டேன். "அங்க இருந்து வரும்போதும் கையில ஒரு காயிதம் குடுத்துதான் அனுப்புனாங்க, அதை வச்சு என்ன ஆச்சுன்னு ஆத்தா கேக்குதுங்"ன்னு சொல்லுச்சு. அதுக்கு எங்கிட்டப் பதில் இல்லை.

அந்தப் பழைய பதிவை அழிக்கலை. அழிச்சா நான் எழுதினதே இல்லைன்னு ஆயிரும். தலைப்பை மட்டும் 'எங்க தோட்டத்துல அவங்க வச்ச கறிவேப்பிலை'ன்னு மாத்தி, கீழ யார் வச்சாங்கன்னு நாலு வரி சேர்த்திருக்கேன். அது செலவில்லாத வேலை, அதனால சுலபமா முடிஞ்சுருச்சு.

மாசி மகத்துக்கு அரங்கநாதர் தேர். அண்ணன் குடும்பத்தோட வர்றேன்னிருக்கார். தேர் முடிஞ்ச மறுநாள் அவரைக் கூட்டிட்டு வாய்க்கா ஓரம் போகலாம்னு இருக்கேன். சிலோன் அக்காவையும் வரச் சொல்லியிருக்கேன். "நான் எதுக்குத் தம்பி, நீங்களே பேசிக்கங்க"ன்னாங்க. இல்லக்கா, நீங்க நிக்கணும்னு சொல்லியிருக்கேன்.